முப்பதுக்கு நாற்பது

சந்தாபுரா சர்க்கிள். காலை எட்டே கால். ஓசூர் சாலையில் லாரிகள் ஊர்கின்றன. ஆனேக்கல் பக்கம் திரும்ப வேண்டிய பஸ் திரும்ப முடியாமல் நிற்கிறது. நடத்துநர் இறங்கி, பஸ்ஸின் விலாவைத் தட்டித் தட்டி வழி கேட்கிறார். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் சன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து ஒருவர் தூங்குகிறார். பக்கத்தில் ஸ்கூல் ஆட்டோ. உள்ளே ஆறு பிள்ளைகள். இரண்டு பேர் தூங்குகிறார்கள். பைகள் ஆட்டோவுக்கு வெளியே கொக்கியில் ஆடுகின்றன.

விளக்குக் கம்பத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அட்மிஷன் அறிவிப்பு. படத்தில் பச்சை வயல், வண்ணத்துப்பூச்சி, அதைத் துரத்தும் செம்பட்டை முடிக் குழந்தை. வயல் சந்தாபுராவில் இல்லை. குழந்தையும் சந்தாபுராக் குழந்தை இல்லை. கம்பத்தடியில் ஜல்லிக் குவியல். அதன்மேல் ஒரு நாய் சுருண்டு படுத்திருக்கிறது.

*

ஆனேக்கல் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் ஒரு லேஅவுட். வீடுகளெல்லாம் முப்பதுக்கு நாற்பது அடி. மூன்று மாடி, நாலு மாடி. கீழே பைக் நிற்கிறது, மேலே துணி காய்கிறது. அவற்றுள் ஒரு வீட்டில் மழலையர் பள்ளி. சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி, மீன். மீன் சிரிக்கிறது. முன்வாசலில் செயற்கைப் புல் விரிப்பு. ஓரம் சுருண்டிருக்கிறது. பிளாஸ்டிக் சறுக்குமரத்தின் அடியில் நேற்றைய மழைத்தண்ணீர்.

பள்ளியை ஒட்டி ஒரு காலி சைட். அதுவும் முப்பதுக்கு நாற்பது. கம்பிவேலி பாதி நிற்கிறது, பாதி படுத்திருக்கிறது. மூலையில் ஒரு புங்கமரம். தரையில் தும்பை, நாயுருவி, தொட்டாச்சிணுங்கி. பக்கத்து வீடு கட்டியபோது மிஞ்சிய எம்-சாண்ட் ஒரு குவியலாகக் கிடக்கிறது. பார்த்தீனியம் மட்டும் இல்லை. பட்டால் தோல் தடிக்கும், தும்மல் வரும் என்று ஆயம்மா திங்கட்கிழமையே பிடுங்கிப் போட்டுவிட்டார். நடுவில் ஒரு தகரப் பலகை: இந்த சைட் விற்பனைக்கு அல்ல. கீழே ஒரு போன் நம்பர். அந்த நம்பரில் பேசித்தான் பள்ளி இந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறது. கட்டும் வரைக்கும்.

*

எட்டு ஐம்பது. கேட் திறக்கிறது. ஸ்கூட்டரின் முன்னால் நின்றபடி வந்த பையனை அப்பா இறக்கிவிடுகிறார். தொப்பியைச் சரிசெய்கிறார். மஞ்சள் தொப்பி.

"மண்ணுல விளையாடக் கூடாது. சரியா?"

"சரி."

ஒரு அம்மா ஆயம்மாவின் கையில் வெட் வைப்ஸ் பாக்கெட்டைக் கொடுக்கிறார். ஆயம்மா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறார். இடுப்பில் ஏற்கெனவே மூன்று பாக்கெட்டுகள்.

*

அலுவலக அறைச் சுவரில் ஒரு படம். மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். சாந்திநிகேதன். தாகூர் 1901இல் ஐந்தே மாணவர்களோடு தொடங்கிய பள்ளி. படத்தின் பாதியை ஏசி ஸ்டெபிலைசர் மறைக்கிறது. மரம் தெரிகிறது, ஆசிரியர் தெரியவில்லை.

அதன் கீழே இரண்டு தாள்கள். ஒன்று லேமினேட் செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாடி இருக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் ஆட்டம், டிவி, போன் முன்னால் உட்காருவது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இன்னொன்று கால அட்டவணை. 'வெளி விளையாட்டு – 20 நிமிடம்.' இருபதைப் பேனாவால் அடித்து 60 என்று எழுதியிருக்கிறது. 'ரைட்டிங்' என்ற கட்டத்தில் நாற்பது நிமிடம் குறைந்திருக்கிறது.

ஃபீஸ் கட்ட வந்த ஒரு அப்பா இரண்டாவது தாளை மட்டும் போனில் படம் எடுத்துக்கொள்கிறார்.

*

ஒன்பதரை. பிள்ளைகள் முன்னால் நிற்பவரின் சட்டையைப் பின்னால் பிடித்து ரயிலாக வருகிறார்கள். இன்ஜின் வேலியருகே நிற்கிறது. ஷூக்கள் கழல்கின்றன. சாக்ஸ் உருண்டையாகி ஷூவுக்குள் போகிறது. இரண்டு வரிசை ஷூக்கள், எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே கம்பெனி. உள்ளே ஸ்கெட்ச் பேனாவில் பெயர்.

ஒரு சிறுமி மட்டும் சைட்டின் விளிம்பில் நிற்கிறாள். இரட்டைப் பின்னல். கீழே ஈர மண். கட்டைவிரலை நீட்டித் தொடுகிறாள். இழுத்துக்கொள்கிறாள். விரலைப் பார்க்கிறாள். விரலில் செம்மண். மறுபடி நீட்டுகிறாள். இம்முறை ஐந்து விரலும் படுகின்றன. குதிகால் இன்னும் சிமெண்டில்தான். மிஸ் பார்க்கிறார், கூப்பிடவில்லை. ஒரு ஆட்டோ போகிறது. ஒரு காக்கை கத்துகிறது. குதிகால் இறங்குகிறது. முகம் சுளிகிறது. பிறகு சுளிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டாவது கால் கேட்காமலே வருகிறது.

*

மஞ்சள் தொப்பி எம்-சாண்ட் குவியலின்மேல் இருக்கிறான். கையால் குழி தோண்டுகிறான். பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறான். தண்ணீர் இல்லை. குழிக்குள் எட்டிப் பார்க்கிறான். போய் இன்னொரு கப். ஊற்றுகிறான். இல்லை. இன்னொரு கப். இல்லை.

குவியலிலிருந்து இறங்குகிறான். புங்கமரத்தடியில் செம்மண்ணில் தோண்டுகிறான். ஊற்றுகிறான். தண்ணீர் நிற்கிறது. அதில் ஒரு இலையைப் போடுகிறான். இலை மிதக்கிறது. திரும்பிக் குவியலைப் பார்க்கிறான்.

மிஸ் கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறார். ஏதோ சொல்ல வாய் திறக்கிறார். மூடிக்கொள்கிறார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்.

பையன் மறுபடி கப்போடு குவியலில் ஏறுகிறான். இந்தத் தடவை செம்மண்ணைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகிறான். குழியின் உட்புறம் பூசுகிறான். ஊற்றுகிறான். தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் மெதுவாகப் போகிறது. பையன் இன்னும் மண் அள்ள இறங்குகிறான்.

*

மரத்தடியில் எறும்புச் சாரி. ஐந்து தலைகள் குனிந்திருக்கின்றன. எறும்பு, இருவெ, சீம, சீன்ட்டி. நாலு மொழியில் பெயர் வருகிறது. எறும்பு எதற்கும் நிற்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளை நிற்கிறாள். ஐந்து வயது இருக்கலாம். எதிரே கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் வாட்ச்மேன் மகள். நீல நிற ஷீட் போட்ட கொட்டகை அவள் வீடு. வேலி படுத்திருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். வந்து குனிந்த தலைகளுக்கு நடுவே தன் தலையையும் நுழைக்கிறாள். சிவப்பு எறும்பைக் காட்டி, "கச்சுத்தே" என்கிறாள். கடிக்குமாம். கறுப்பு எறும்பைக் காட்டி, "கச்சல்ல" என்கிறாள். கறுப்பைத் தன் கையில் ஏற்றிக் காட்டுகிறாள். அது முழங்கை வரை ஏறி இறங்குகிறது. நாலு கைகள் நீள்கின்றன. ஒரு கை பின்னால் கட்டிக்கொள்கிறது.

அவள் பெயர் பள்ளி ரிஜிஸ்டரில் இல்லை. அவளிடம்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

*

நேற்றைய மழைக்கு ஒரு ரயில்பூச்சி வெளியே வந்திருக்கிறது. ஒரு பையன் குத்துக்காலிட்டு அதன் கால்களை எண்ணுகிறான். அவனுக்கு இருபது வரைதான் தெரியும். இருபதுக்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறான். ஒவ்வொரு இருபதுக்கும் தரையில் ஒரு புங்க இலை வைக்கிறான். மூன்றாவது இலையில் ரயில்பூச்சி நகர்ந்துவிடுகிறது. பையனும் இலைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்கிறான். யாரோ குச்சியால் தொடுகிறார்கள். ரயில்பூச்சி சுருண்டு காசு மாதிரி கிடக்கிறது. எல்லோரும் காத்திருக்கிறார்கள். எந்த வகுப்பிலும் இத்தனை நேரம் யாரும் சும்மா உட்கார்ந்ததில்லை. அது நிமிர்கிறது. "ஒண்ணு" என்கிறான் பையன்.

சுவரோரம் ஒரு பெரிய நத்தை. கைமுட்டி அளவு. இரட்டைப் பின்னல் கையை நீட்டுகிறாள். மிஸ் பக்கெட்டிலிருந்து எழுந்துவிடுகிறார். இன்று முதல் முறை.

"அது மட்டும் வேண்டாம். பார்க்கலாம், தொட வேண்டாம்."

ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பெங்களூரு தோட்டங்களில் பெருகிவிட்ட நத்தை அது. அதன் உடம்பில் மூளையைத் தாக்கும் புழு இருக்கக்கூடும். ஆயம்மா முறத்தில் தள்ளிக்கொண்டு போகிறார். பிள்ளைகள் முறத்தின் பின்னால் ஊர்வலமாகப் போகிறார்கள். மிஸ் மறுபடி பக்கெட்டில் உட்காருகிறார்.

*

ஒரு பையனுக்குக் கண்ணாடி. பின்னால் எலாஸ்டிக் கட்டியிருக்கிறது. வானத்தில் பருந்து வட்டம் போடுகிறது. கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கிறான். போட்டுப் பார்க்கிறான். கழற்றுகிறான். போடுகிறான். பருந்து இருக்கிறது, இல்லை, இருக்கிறது.

சீனாவில் குவாங்சோ நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடம் பார்த்தார்கள். வழக்கப்படி நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4. கணக்கு 2015இல் அச்சேறியது. வெயில் வெளிச்சம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்கிறார்கள் கண் ஆராய்ச்சியாளர்கள். நாற்பது நிமிடத்துக்கு விலை இல்லை. கண்ணாடிக்கு உண்டு.

பருந்து பொம்மசந்திரா பக்கம் போகிறது. பையன் கண்ணாடி போட்டபடி அது புள்ளியாகும் வரை பார்க்கிறான். புள்ளியான பிறகும் பார்க்கிறான்.

*

பத்தே கால். வேலிக்கு வெளியே பைக் நிற்கிறது. ஒரு மேஸ்திரி இறங்குகிறார். கையில் டேப், ஒரு பை சுண்ணாம்புத் தூள், நாலு முளைக்குச்சிகள். டேப்பின் முனையைப் பிடிக்க ஆள் இல்லை. மஞ்சள் தொப்பி போய்ப் பிடிக்கிறான். மேஸ்திரி நடக்கிறார். டேப் நீள்கிறது. மற்றவர்கள் டேப்போடு நடக்கிறார்கள். அந்த மூலையில் மேஸ்திரி "முப்பது" என்கிறார். "முப்பது" என்கிறார்கள் பிள்ளைகள். திரும்பி அளக்கிறார். "நாற்பது." "நாற்பது!"

பிறகு பிள்ளைகள் தாங்களே அளக்கிறார்கள். டேப் இல்லை. குதிகாலுக்கு முன் கட்டைவிரல், கட்டைவிரலுக்கு முன் குதிகால். ஒருவனுக்கு எழுபத்து ஏதோ வருகிறது. ஒருத்திக்கு நூறு வருகிறது. யாருக்கும் முப்பது வரவில்லை. சண்டை வருகிறது. மேஸ்திரியின் கால் பக்கத்தில் ஒரு பிள்ளை தன் காலை வைத்துப் பார்க்கிறது. சண்டை நிற்கிறது.

மேஸ்திரி கிருஷ்ணகிரிக்காரர். ஆயம்மாவும் அந்தப் பக்கம்தான்.

"எப்பண்ணா வேலை?"

"ஆஷாடம் கழியட்டும்னு ஓனர் சொல்றாருக்கா. அப்புறம் பூஜை."

"நம்ம பக்கம் ஆடியும் போகணுமே."

"ஆடி நமக்கு. ஓனருக்கு ஆஷாடம் போதும்."

மேஸ்திரி புங்கமரத்தை நிமிர்ந்து பார்க்கிறார். அடிமரத்தைச் சுற்றி டேப்பை ஓட்டுகிறார். பையிலிருந்து துண்டுச்சீட்டு எடுத்துக் குறித்துக்கொள்கிறார்.

*

பதினொன்று. உள்ளே வகுப்பு. கலரிங் தாள். ஒரு ஏரி, இரண்டு வாத்து, ஒரு சூரியன். கோடுகள் அச்சடித்தவை. உள்ளே நிறம் மட்டும் போட வேண்டும்.

வேனில் வரும் ஒரு பையன் ஏரிக்குப் பச்சை அடிக்கிறான். அழுத்தி அடிக்கிறான். அதன்மேல் கறுப்பு. வாத்துக்களை விட்டுவிடுகிறான்.

"லேக் என்ன கலர்?" உதவிக்கு வந்த புது மிஸ் கேட்கிறார்.

"பச்சை."

"ப்ளூ, கண்ணா."

பையன் ப்ளூ க்ரேயானைப் பார்க்கிறான். எடுக்கவில்லை.

அவன் வேன் தினமும் சந்தாபுரா ஏரியைத் தாண்டி வருகிறது. அங்கே வரும்போது டிரைவர் சன்னல்களை மூடச் சொல்வார். ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் சேரும் ஏரி. அதைக் காக்கத் தவறியதற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு ஒதுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது 2022 அக்டோபரில். மூன்று முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு டெல்லியில் வெளியானதும் அதே அக்டோபரில். விளையாட்டு, பொம்மை, வகுப்பறைக்கு வெளியே கற்பது எல்லாம் அதில் இருக்கின்றன.

புது மிஸ் தாளை வாங்கிப் பார்க்கிறார். ஸ்டார் போடப் பேனா எடுக்கிறார். யோசிக்கிறார். போடுகிறார்.

*

பதினொன்றரை. கை கழுவும் வரிசை. மூன்று குழாய். செம்மண் சிவப்பாக ஓடுகிறது. நகக்கண்ணில் இருப்பது போகவில்லை. ஆயம்மா இடுப்பிலிருந்து முதல் பாக்கெட்டை எடுக்கிறார். பாக்கெட்டின்மேல் 99.9 சதவீதம் என்று போட்டிருக்கிறது.

ஃபின்லாந்தில் குழந்தைகள் காப்பகங்கள் சிலவற்றின் முற்றத்தில் காட்டுத் தரையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து பரப்பினார்கள். மண், பாசி, புதர், புல். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 28 நாள் அதில் விளையாடினார்கள். அவர்கள் தோலில் நுண்ணுயிர் வகைகள் கூடின. நோய் எதிர்ப்பைச் சீராக வைக்கும் அறிகுறிகள் ரத்தத்தில் தெரிந்தன. முடிவு 2020இல் வெளியானது.

மஞ்சள் தொப்பி இரண்டு கையையும் நீட்டுகிறான். ஆயம்மா சோப்பு போட்டுக் கழுவிவிட்டு விடுகிறார். சாப்பாட்டுக்கு முன்னால் சோப்பு உண்டு. பாக்கெட் மறுபடி இடுப்புக்குப் போகிறது.

டிஃபன் பாக்ஸ்கள் திறக்கின்றன. இட்லி, சித்ரான்னம், பராத்தா, நூடுல்ஸ். காலையில் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்ற சிறுமி நாலாவது இட்லித் துண்டைத் தொட்டு நக்குகிறாள். ஆயம்மாவுக்கு ஊட்டிவிடும் வேலை இல்லை. சுவரில் சாய்ந்து நிற்கிறார்.

*

பன்னிரண்டரை. கேட்டில் ஸ்கூட்டர்கள். இரட்டைப் பின்னலின் அம்மா சீருடையில் ஒட்டிய நாயுருவி விதைகளை ஒவ்வொன்றாகப் பிய்க்கிறார். பிய்த்ததைக் கீழே போடுகிறார். கீழே போட்டது அவர் சுடிதாரில் ஒட்டிக்கொள்கிறது.

"இன்னிக்கு என்ன படிச்சே?"

"ஒண்ணும் படிக்கல."

அம்மா மிஸ்ஸைப் பார்க்கிறார். மிஸ் வேறு பிள்ளைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார்.

சிறுமி பாக்கெட்டிலிருந்து புங்கங்காய்களை எடுக்கிறாள். ஸ்கூட்டர் சீட்டின்மேல் அடுக்குகிறாள். சிறியது, அதைவிடப் பெரியது, அதையும்விடப் பெரியது. ஒன்று மட்டும் இடம் மாறியிருக்கிறது. பார்க்கிறாள். எடுத்து மாற்றி வைக்கிறாள். அம்மா சீட்டைத் துடைக்கக் கையைத் தூக்கி, அப்படியே நிறுத்துகிறார்.

மஞ்சள் தொப்பியின் அப்பா வருகிறார். முட்டியைப் பார்க்கிறார். நகத்தைப் பார்க்கிறார்.

"மண்ணுல விளையாடினியா?"

"இல்ல. தண்ணில."

*

பள்ளி பூட்டியாகிவிட்டது. வாட்ச்மேன் மகள் அங்கன்வாடியிலிருந்து வருகிறாள். கையில் அவித்த முட்டை. நாடு முழுக்க 33 வட்டாரங்களில் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய திட்டம், இந்த லேஅவுட்டின் கடைசித் தெருவில் ஒரு வாடகை அறை வரைக்கும் வந்திருக்கிறது. அறைக்கு முற்றம் இல்லை. படி இறங்கினால் ரோடு. அதனால் பிள்ளைகள் உள்ளேயே இருக்கிறார்கள். முட்டை கொடுக்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அவள் முட்டையோடு சைட்டுக்குள் நுழைகிறாள். பையன் பூசிய குழி அப்படியே இருக்கிறது. மஞ்சள் கருவைப் பிட்டு எறும்புச் சாரியின் ஓரத்தில் வைக்கிறாள். உட்காருகிறாள். ஒரு எறும்பு வருகிறது. திரும்பிப் போகிறது. பிறகு நிறைய வருகின்றன.

மூலையில் மேஸ்திரி அடித்துவிட்டுப் போன முளைக்குச்சி. அதில் அவள் செருப்பு தொங்குகிறது.

*

இரவு எட்டு மணி. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப். மிஸ்ஸின் செய்தி.

'நாளையும் வெளி வகுப்பு உண்டு. பழைய உடுப்பு போட்டு அனுப்பவும். வெட் வைப்ஸ் அனுப்ப வேண்டாம்.'

நாலு கட்டைவிரல்கள் வருகின்றன. ஒரு கைகூப்பு வருகிறது. ஒரு கேள்வி வருகிறது.

'மழை வந்தா?'

'மழையிலும் உண்டு.'

சிறிது நேரம் எதுவும் வரவில்லை. பிறகு இன்னொரு கேள்வி.

'எவ்வளவு நாளைக்கு மிஸ் இது?'

'சைட்டில் வேலை தொடங்கும் வரை. வேறு காலி இடம் இருந்தால் சொல்லவும்.'

ஆஷாடம் முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.